சிற்றுருக் கணினியும் உறுப்புப் பொருத்தமும்

ஒரு கருவியின் ஆற்றலை அதன் உறுப்புக்களுள் மிகச் சிறந்ததனைக் கொண்டு அளத்தல் தவறாகும். அவ்வுறுப்புக்கள் ஒன்றோடொன்று இயைந்து தொழிற்படும் திறமே அதன் உண்மையான அளவுகோலாகும். இவ்வுண்மையை ஊவா மாகாணத்துத் தோட்டங்களில் வாழும் மக்களுக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டுவதில்லை. பறித்த கொழுந்து வாட்டப்பட்டு, உருட்டப்பட்டு, நொதிக்கவிடப்பட்டு, உலர்த்தப்பட்டு, சலிக்கப்பட்டுத் தேயிலைத்தூளாக மாறுவதை அவர்கள் நாள்தோறும் காண்கின்றனர். ஏறத்தாழ நாலரைக் கிலோக் கொழுந்திலிருந்து ஒரு கிலோத் தேயிலை கிடைக்கின்றது. உருட்டும் பொறி எத்துணை விரைவாகத் தன் வேலையை முடிப்பினும், உலர்த்தும் பொறி அவ்வேகத்துக்கு ஈடுகொடாதாயின் உருட்டிய கொழுந்து தேங்கிக் கிடக்கும்; அளவுக்கு மிஞ்சி நொதித்துத் தன் சுவையையும் இழக்கும். மிக மெதுவான பொறி எதுவோ அதுவே தொழிற்சாலையின் வேகத்தை நிர்ணயிக்கின்றது. அப்புத்தளைக்கு அண்மையில் தோமசு லிப்டன் 1890இல் நிறுவிய தம்பதென்னைத் தொழிற்சாலை முதல் இன்று இயங்கும் தொழிற்சாலைகள் ஈறாக அனைத்துக்கும் பொதுவான விதி இதுவாகும்.

இதே விதி கணினிக்கும் பொருந்தும். அதிலும், திரையில் இயங்கும் விளையாட்டுக்களுக்கென அமைக்கப்படும் கணினிக்கு இது பெரிதும் பொருந்தும். அத்தகைய கணினியைச் சிற்றுருவில் அமைக்க விழைவோர்க்கோ இவ்விதியை ஓராது ஓரடியும் எடுத்துவைத்தல் இயலாது. உறுப்புக்களைத் தனித்தனியே வாங்கித் தாமே பூட்டும் வழக்கம் பதுளை, பண்டாரவளை முதலிய நகரங்களின் இளைஞரிடையே பரவியிருக்கும் இக்காலத்தில், அவ்வுறுப்புக்களைப் பொருத்தமறிந்து தெரிவு செய்யும் முறையை விளக்குதல் பயனுடைத்தாகும்.

சிற்றுரு ஏன் வேண்டும் என்னும் வினா முதலில் எழும். தோட்டத்து லயன் காம்பிரா ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவினது. படுப்பதும், படிப்பதும், விருந்தினரை இருத்துவதும் அவ்வோர் அறையிலேயே நிகழ்கின்றன. முழங்காலளவு உயர்ந்த பெருங்கணினிக்கு ஆண்டு இடமில்லை. பதுளையில் 2005இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லச பல்கலைக்கழகத்துக்கோ, தொலைவிலுள்ள பிற பல்கலைக்கழகங்களுக்கோ செல்லும் மாணவன், பேருந்திலும் புகையிரதத்திலும் தன் கணினியைக் கையோடு கொண்டுசெல்ல வேண்டியவனாகின்றான். ஆதலின் சிற்றுரு என்பது இங்கு அழகுக்காக அன்றித் தேவைக்காகவே வேண்டப்படுகின்றது.

விளையாட்டுக்கென ஒரு பொறியா என்று முகஞ்சுளிப்போரும் உளர். விளையாட்டுக் கணினியின் உள்ளுறுப்புக்கள் விளையாட்டோடு நின்றுவிடுவன அல்ல என்பதை அவர்கள் எண்ணிப்பார்த்தல் நன்று. கட்டட வரைபடம் தீட்டுதல், அசையும் படங்களைத் தொகுத்தல், எந்திரக் கற்றல் முதலிய பணிகள் யாவும் இதே வரைகலை அட்டையையும் இதே செயலியையும் வேண்டி நிற்கின்றன. மாலையில் விளையாடும் பொறியே காலையில் தொழில் கற்பிக்கும் பொறியாகவும் அமையலாம்.

இனி, பொருத்தம் தவறுவதால் விளையும் இழப்பு யாது? மலையகத் தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 2021இல் 1000 ரூபாவாகவும், 2024 செப்டெம்பரில் அடிப்படைக் கூலி 1350 ரூபாவாகவும் வர்த்தமானி வாயிலாக நிர்ணயிக்கப்பட்டன. பின்னைய கணக்கின்படி, பயன்படாத ஓர் உறுப்பில் ஓர் இலட்சம் ரூபாவை முடக்குதல், தாய் ஒருத்தி கொழுந்துக் கூடை சுமந்து உழைத்த 74 நாட்களின் கூலியை முடக்குவதற்கு ஒப்பாகும். வசதி மிக்கோர் தவறாக வாங்கியதை விற்றுவிட்டு வேறொன்று வாங்குவர். லயத்து வீட்டிலோ ஒரு முறை வாங்கியது பல்லாண்டு நின்று உழைத்தல் வேண்டும். ஆகவே பொருத்தம் பார்த்தல் ஈண்டுப் பொழுதுபோக்கன்று. குடும்பப் பொருளாதாரத்தின் ஒரு கூறாகும்.

கணினியின் உறுப்புக்களும் அவற்றின் தொழில்களும் இவை. ‘புரோசெசர்’ எனக் கடைகளில் வழங்கும் செயலி, விளையாட்டின் விதிகளையும் பாத்திரங்களின் இயக்கங்களையும் கணித்து, அடுத்து வரையவேண்டிய காட்சி யாதென ஆணையிடுகின்றது. வரைகலை அட்டை அவ்வாணையைப் பெற்றுக் காட்சியைப் புள்ளி புள்ளியாகத் தீட்டுகின்றது. நினைவகம் இவ்விரண்டுக்கும் வேண்டிய தரவுகளை உடனுக்குடன் வழங்குகின்றது. இவற்றைத் தாங்கி இணைப்பது ‘மதர்போர்ட்’ எனப்படும் தாய்ப்பலகை. அனைத்துக்கும் மின்னூட்டுவது மின்வழங்கி. வெப்பத்தை வெளியேற்றுவன குளிர்த்திகளும் விசிறிகளும். எல்லாவற்றையும் தன்னுள் அடக்குவது ‘கேசிங்’ எனப்படும் கூடு.

செயலிக்கும் வரைகலை அட்டைக்கும் உள்ள உறவே பொருத்தங்களுள் தலையாயது. ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். ஒரு காட்சிக்கான கணிப்பை முடிக்கச் செயலிக்கு 8 மில்லிசெக்கன் செல்கின்றது எனவும், அதனைத் தீட்டி முடிக்க அட்டைக்கு 14 மில்லிசெக்கன் செல்கின்றது எனவும் கொள்க. அட்டை ஒரு காட்சியைத் தீட்டும்போதே செயலி அடுத்த காட்சியைக் கணிக்கத் தொடங்கிவிடுவதால், 14 மில்லிசெக்கனுக்கு ஒரு காட்சியாக, செக்கனுக்கு ஏறத்தாழ 71 காட்சிகள் திரையில் தோன்றும். இப்போது இரட்டிப்பு விலை கொடுத்து, 4 மில்லிசெக்கனில் கணிப்பை முடிக்கும் செயலி ஒன்றை வாங்கிப் பூட்டினால் என்னாகும்? அட்டை இன்னும் 14 மில்லிசெக்கன் எடுத்துக்கொள்வதால் காட்சிகள் 71 ஆகவே நிற்கும். விரைந்து உருட்டிய கொழுந்து உலர்த்தும் பொறியின் முன்னே காத்துக் கிடப்பது போலச் செயலி காத்துக் கிடக்கும். மறுதலையாக, செயலியை மாற்றாது 4 மில்லிசெக்கனில் தீட்டும் பேராற்றல் வாய்ந்த அட்டையைப் பூட்டினால், செயலியின் 8 மில்லிசெக்கன் எல்லையாகி, 125 காட்சிகளுக்கு மேல் எழாது. அட்டைக்குக் கொடுத்த விலையிற் பெரும்பங்கு உறங்கிக் கிடக்கும்.

அவ்வாறாயின் எவ்வுறுப்பிலிருந்து தெரிவைத் தொடங்குதல் தகும்? பலர் செயலியிலிருந்தோ அட்டையிலிருந்தோ தொடங்குவர். திரையிலிருந்து தொடங்குவதே முறையாகும். ஏனெனில் உழைப்பின் விளைவு சென்று சேருமிடம் திரையே. 1920க்கு 1080 என்னும் அளவுடைய திரையில் ஏறத்தாழ 20.7 இலட்சம் புள்ளிகள் உள. 2560க்கு 1440 அளவுடைய திரையில் அவை 36.9 இலட்சமாகின்றன. ‘போர்-கே’ எனப்படும் 3840க்கு 2160 அளவுடைய திரையிலோ 82.9 இலட்சம்; அஃதாவது முதலிற் கூறியதன் நான்கு மடங்கு. புள்ளிகள் பெருகப் பெருக வரைகலை அட்டையின் சுமை பெருகும்; செயலியின் சுமையோ பெரிதும் மாறுவதில்லை. மேலும், செக்கனுக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையை வைத்துக்கொண்டு 140 காட்சிகளை உண்டாக்கும் பொறியை வாங்குதல், சிறு குடத்தில் பேரருவியைப் பிடிக்க முயல்வதாகும். காம்பிராவின் சிறு மேசையில் கைக்கெட்டும் தொலைவில் வைக்கப்படும் 24 அங்குலத் திரைக்கு 1920க்கு 1080 என்னும் அளவு பெரும்பாலும் போதுமானது. அதனை முடிவு செய்த அளவிலேயே தேவையற்ற பெருஞ்செலவு ஒன்று தானே நீங்கிவிடுகின்றது.

அத்திரைக்கு இயைந்த இணை ஒன்றை எடுத்துக்காட்டாகக் கூறலாம். 2023இல் வெளிவந்த என்விடியா ஆர்.டி.எக்ஸ். 4060 என்னும் அட்டை 115 வாற்று மின்வலுவும் 8 கிகாபைற்று நினைவும் உடையது. அதே ஆண்டில் வெளிவந்த ஏ.எம்.டி. ரைசன் 5 7600 என்னும் செயலி ஆறு கருக்களைக் கொண்டது. அதன் குறிக்கப்பட்ட வெப்ப அளவு 65 வாற்று. முழுச் சுமையில் 88 வாற்று வரை ஈர்க்கும். இவை இரண்டும் ஒன்றையொன்று பெரிதும் காக்கவைப்பதில்லை. இரண்டும் சிறிய கூட்டினுள் அடங்குவன. இரண்டும் அளவாக மின்னுண்பன. இதற்கு மாறாக, 2022இல் வெளிவந்த ஆர்.டி.எக்ஸ். 4090 என்னும் அட்டை 450 வாற்று உண்பது. அதனை இச்செயலியோடும் இத்திரையோடும் சேர்த்தல் சிற்றோடையில் பெருங்கப்பலை மிதக்கவிட முனைவது போலாகும். அட்டைகளின் பெயர்கள் ஆண்டுதோறும் மாறும், 2025இல் ஆர்.டி.எக்ஸ். 5060 என்பது 145 வாற்றுடன் வெளிவந்தது. எனினும் பெயர் மாறினாலும் கணக்கு மாறுவதில்லை.

நினைவகத்திலும் ஒரு பொருத்தம் உண்டு. மேற்கூறிய செயலி இரு தடங்கள் வழியே நினைவகத்தை அணுக வல்லது. செக்கனுக்கு 6000 மில்லியன் மாற்றங்கள் செய்யும் டி.டி.ஆர்.5 நினைவகம் ஒரு தடத்தில் செக்கனுக்கு 48 கிகாபைற்றும், இரு தடங்களில் 96 கிகாபைற்றும் தரவைச் செலுத்தும். ஆதலின் 16 கிகாபைற்றுத் தகடு ஒன்றை வாங்குவதினும் 8 கிகாபைற்றுத் தகடுகள் இரண்டை வாங்குவது விரைவு தரும். எனினும் சிற்றுருத் தாய்ப்பலகையில் நினைவகத்துக்கு இரண்டே இடங்கள் உள. இரண்டும் நிரம்பிவிட்டால் பின்னர் கூட்ட விரும்புவோர் பழையவற்றைக் கழற்ற நேரிடும். எனவே இயலுமாயின் 16 கிகாபைற்றுத் தகடுகள் இரண்டைத் தொடக்கத்திலேயே வாங்குதல் சிக்கனமாகும்.

அடுத்துக் கருதவேண்டுவது உருவப் பொருத்தம். வியா என்னும் நிறுவனம் 2001இல் அறிமுகப்படுத்திய மினி-ஐ.டி.எக்ஸ். என்னும் தாய்ப்பலகை 170 மில்லிமீற்றர் நீளமும் அதேயளவு அகலமும் கொண்டது. அட்டை பூட்டும் துளை அதில் ஒன்றே. வழக்கமான பெரிய மின்வழங்கிக்குப் பதிலாக எஸ்.எப்.எக்ஸ். என்னும் சிறியவகை இதற்கு உகந்தது. அதன் அளவு 125க்கு 100க்கு 63.5 மில்லிமீற்றர். கூட்டை வாங்குமுன் மூன்று அளவுகளைத் தாளிற் குறித்துக்கொள்ளல் வேண்டும். அவை அட்டையின் நீளமும் தடிப்பும், செயலிக் குளிர்த்தியின் உயரம், மின்வழங்கியின் வகை என்பன. ஆர்.டி.எக்ஸ். 4060 அட்டைகளுள் 20 சென்ரிமீற்றருக்கும் குறைந்த நீளமுடையனவும் உள, நீண்டனவும் உள. ஒரே பெயருடைய அட்டை ஒரு கூட்டில் அடங்கி மற்றொன்றில் அடங்காது போதல் இதனாலாகும். அட்டையை முதலில் வாங்கிப் பின்னர் கூடு தேடுதல், தைத்த சட்டைக்கு ஆள் தேடுவது போன்றதாகும். மின்கம்பிகள் மடங்கிச் செல்ல விரலளவு இடைவெளி எஞ்சவேண்டும் என்பதும் மறக்கற்பாலதன்று.

மின்சாரத்தின் கணக்கு இனி வருவது. அட்டைக்கு 115, செயலிக்கு 88, எஞ்சியவற்றுக்கு 45 எனக் கூட்டினால் ஏறத்தாழ 250 வாற்று ஆகும். தரமான மின்வழங்கியின் திறன் நூற்றுக்கு 90 ஆதலின் சுவரிலிருந்து ஈர்க்கப்படுவது ஏறத்தாழ 280 வாற்று. நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் முழுச் சுமையில் இயங்கினால் 30 நாட்களில் 25 அலகுகள் செலவாகும். பயன்படுத்தும் அலகு கூடக் கூட அலகொன்றின் கட்டணமும் படிப்படியாக உயரும் இலங்கை முறையில், இந்த 25 அலகுகள் வீட்டுக் கட்டணத்தை மேற்படிக்குத் தள்ளிவிடவுங் கூடும். 450 வாற்று அட்டையின் ஆசையை அடக்குவதற்கு இக்கணக்கு ஒன்றே சாலும். மின்வழங்கியைப் பொறுத்தவரை, அட்டை கணநேரத்துக்குத் தன் அளவை மிஞ்சி ஈர்ப்பதுண்டு ஆதலால் 550 வாற்றுடையது தகும். 1000 வாற்றுடையது வீண்செலவு.

இலங்கை மக்கள் 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டினைக் கண்டனர். அந்நாட்கள் கழிந்துவிட்டன எனினும், மலைநாட்டில் மழையும் காற்றும் மின்கம்பியின் மேல் மரங்களைச் சாய்ப்பது நின்றபாடில்லை. எதிர்பாராது மின் அறுபடும் இடத்தில் யு.பி.எஸ். ஒன்று வேண்டும். அதன்மேற் பொறிக்கப்படும் வோல்ற்றம்பியர் என்னும் அளவு வேறு. வாற்று என்னும் அளவு வேறு. எளிய வகைகளில் 1000 வோல்ற்றம்பியர் என்பது 600 வாற்றளவிலேயே நிற்கும். 650 என்பது 360 வாற்றை அண்டும். கணினிக்கு 280, திரைக்கு 30 எனக் கொள்ளின் 310 வாற்று. ஆதலின் 650 நெருக்கடியானது, 1000 ஆறுதலானது. விளையாட்டைத் தொடர்வதன்று அதன் நோக்கம். செய்த வேலையைச் சேமித்துப் பொறியை முறைப்படி அணைக்கச் சில நிமிடங்களைத் தருவதேயாகும். இடைப்பருவத்து மாலைகளில் இடிமுழக்கம் கேட்டதும் சுவர் இணைப்பைக் கழற்றிவிடுதலே யாதினும் சிறந்த காப்பு. அறையின் மின்னிணைப்புக்கு முறையான நிலத்தொடுப்பு உண்டா என்பதை மின்வினைஞர் ஒருவரைக் கொண்டு முன்னரே சோதித்தலும் கடன்.

ஊவாவின் மலைச்சூழல் கணினியின் வெப்பத்தோடு கொள்ளும் தொடர்பு சுவை மிக்கது. பதுளை நகர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்திலும், அப்புத்தளை ஏறத்தாழ 1430 மீற்றர் உயரத்திலும் அமைந்துள்ளன. உயரஞ் செல்லச் செல்லக் காற்று ஐதாகின்றது. ஒரே வெப்பநிலையிற் கொண்டால், அப்புத்தளைக் காற்றின் அடர்த்தி கடலோரக் காற்றின் அடர்த்தியில் நூற்றுக்கு ஏறத்தாழ 85 பங்கு அளவினதே. விசிறி ஒரு சுற்றில் தள்ளும் காற்றின் கனவளவு மாறாதெனினும், அக்காற்றின் திணிவு குறைந்துவிடுகின்றது. திணிவு குறையவே அது சுமந்து செல்லும் வெப்பமும் குறைகின்றது. 250 வாற்று வெப்பத்தை, காற்றின் வெப்பநிலை 10 பாகைக்கு மேல் உயராவண்ணம் வெளியேற்றக் கடலோரத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1.25 கனமீற்றர் காற்று வேண்டும், அப்புத்தளையில் ஏறத்தாழ 1.5 கனமீற்றர் வேண்டும். இக்குறையை இயற்கையே மறுபுறத்தில் ஈடுசெய்கின்றது. கொழும்பின் அறை 30 பாகையாக இருக்கையில் அப்புத்தளையின் அறை 20 பாகையளவில் இருத்தல் வழக்கம். ஐதான காற்றால் உறுப்பின் வெப்பம் நாலைந்து பாகை ஏறினும், குளிர்ந்த அறையால் பத்துப் பாகை இறங்குகின்றது. ஆகவே மலையகத்தார்க்குச் சிற்றுருக் கணினி ஏற்றதே. விசிறிகளின் வாயிலை அடைக்காமலும், கூட்டைச் சுவரோடு ஒட்டாமலும் வைத்தல் மட்டுமே வேண்டுவது.

ஆயின் மலையகத்துக்கே உரிய பகை இரண்டு உள: ஈரமும் புகையும். மார்கழி, தை மாதத்து மழையிலும் பனிமூட்டத்திலும் அறை ஈரமாகின்றது. இயங்கும் கணினி சூடாக இருத்தலின் அதன்மேல் நீர் ஒடுங்குவதில்லை. அணைத்து வைத்துக் குளிர்ந்து கிடக்கும் கணினியே ஆபத்துக்குள்ளாவது. அருகிலுள்ள அடுப்பில் உலை கொதிக்க, அந்நீராவி குளிர்ந்த உலோகத்தின் மேற் படிந்து துளியாக மாறும்; அந்நிலையில் பொறியை இயக்கின் மின்கசிவு நேரலாம். விறகடுப்பின் புகைக்கரி குளிர்த்தியின் நுண்ணிய தகடுகளுக்கிடையே படிந்து காற்றோட்டத்தை அடைக்கும். இதற்குப் பரிகாரம் எளிது. கணினியைச் சமையற் பகுதியிலிருந்து விலக்கி, தரையினின்றும் உயர்த்தி வைத்தல்; தூசிவடிகளை மாதந்தோறும் துடைத்தல்; மழைக்காலத்தில் பலநாள் அணைத்து வைக்காது நாள்தோறும் சிறிதுநேரம் இயக்குதல் என்பன போதும். அடுத்தடுத்த அறைகளின் உறக்கத்தைக் கெடுக்காத பொருட்டு, விரைந்து சுழலும் சிறுவிசிறியினும் மெல்லச் சுழலும் பெருவிசிறியைத் தெரிதல் அயலார்க்குச் செய்யும் நன்றியுமாகும்.

எல்லா உறுப்புக்களையும் ஒருங்கே வாங்கும் பொருள்வளம் இல்லாதார்க்கும் வழியுண்டு. 2024 சனவரியில் வெளிவந்த ரைசன் 5 8600ஜி என்னும் செயலி தன்னுள்ளேயே தக்கதொரு வரைகலைப் பகுதியைக் கொண்டது. தனியட்டை இன்றியே எளிய விளையாட்டுக்களையும் கல்விப் பணிகளையும் அது நிறைவேற்றும். முதலாண்டில் அதனோடு நிறைவுகொண்டு, பொருள் சேர்ந்தபின் அட்டையைப் பூட்டலாம். இச்செயலி அட்டைக்கு எட்டுத் தடங்களையே வழங்கும் என்பது ஒரு குறையெனப்படுவதுண்டு. ஆர்.டி.எக்ஸ். 4060 பயன்படுத்துவதும் எட்டுத் தடங்களையே ஆதலால், இவ்விரண்டன் இணைப்பில் அக்குறை தோன்றுவதில்லை. மேலும், 2022இல் அறிமுகமான ஏ.எம்.5 என்னும் பொருத்துகுழி 7000, 8000, 9000 ஆகிய வரிசைச் செயலிகளை ஏற்பதால், தாய்ப்பலகையை மாற்றாமலே செயலியை உயர்த்தலாம். ஆனால் இவ்வாறு படிப்படியாக வளர்க்க எண்ணுவோர் கூட்டையும் மின்வழங்கியையும் வருங்கால அட்டைக்கு ஏற்பத் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்ளல் வேண்டும். இவ்விரண்டும் வீட்டின் அத்திவாரம் போல்வன. பின்னர் பெயர்த்தல் அரிது.

இதுகாறும் கூறியவற்றால் விளங்குவது, தெரிவின் ஒழுங்கு திரையில் தொடங்கி, அட்டை, செயலி, நினைவகம், மின்வழங்கி, கூடு, குளிர்த்தி என முறையே செல்வதாகும் என்பது. ஒவ்வொரு படியிலும் கேட்கவேண்டிய கேள்வியும் ஒன்றே: இவ்வுறுப்பு தன் அயலுறுப்பைக் காக்கவைக்கின்றதா, அன்றித் தானே காத்துக் கிடக்கின்றதா? இவ்விரண்டும் நிகழாவிடத்துக் கொடுத்த பணம் முழுவதும் வேலை செய்கின்றது. விரலுக்குத் தக்க வீக்கம் என்னும் பழமொழி இதனையே குறிக்கும்.

விலைப்பட்டியலின் உச்சியிலுள்ள உறுப்பை வாங்குவதற்குப் பணம் இருந்தாற் போதும். நடுத்தர உறுப்புக்களைக் கொண்டு நிறைவான பொறியொன்றை அமைப்பதற்கோ அளவையும் கணக்கும் சூழலறிவும் வேண்டும். தாள் ஒன்றும், அடிமட்டம் ஒன்றும், கூட்டல் பெருக்கல் அறிவும் உடைய மாணவன் எவனும் இதனைச் செய்ய வல்லவன். கொழுந்துக் கூலியிற் சேர்ந்த பணம் ஒரு ரூபாவும் உறங்காது உழைக்கும் பொறியாக மாறி லயன் காம்பிராவின் மேசையில் அமருமாயின், அதுவே அவன் கற்ற கணக்கின் முதற் பயனாகும்.